முதுகுக்கு மூன்று ஜாமீன்

பினாங்கு ஸ்ட்ரீட் கிட்டங்கியில் மெய்யநாதன் செட்டியாரைத் தெரியாதவர்கள் இல்லை என்று சொன்னால், அது பெரிய பெருமை ஒன்றுமில்லை. வட்டிக்கடைகள் வரிசையாக இருந்த அந்த நீள ஹாலில் யாரைத்தான் யாருக்குத் தெரியாது? வாசலிலிருந்து கொல்லைவரை இரண்டு பக்கமும் பாய். பாய்க்கு ஒரு சாய்வுப் பெட்டி. பெட்டிக்கு ஒரு செட்டியார். ஒருவர் தும்மினால் எட்டாவது கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஒருவருக்கு ஊரிலிருந்து கடுதாசி வரவில்லை என்றால் எல்லோருக்கும் கவலை வரும், அல்லது கவலை வந்தமாதிரி முகம் வரும்.

1926-ஆம் வருஷம். வெள்ளையப்பச் செட்டியார் என்ற பெரிய முதலாளியின் கடைக்கு மெய்யநாதன்தான் மேலாள். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் கடல் தாண்டி வந்து மூன்று வருஷம் கடையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார். அது ஒரு கணக்கு. காலையில் விபூதியைப் பூசிக்கொண்டு, வெற்றுடம்போடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால், சாப்பாட்டுக்கு எழுந்திருப்பது ஒன்றுதான் நடமாட்டம். விளக்கு வைத்த பிறகும் அதே பாய், அதே சம்மணம். முதுகு எதற்காக வளைகிறது என்று முதுகுக்கே தெரியாது.

அந்த முதுகுதான் இரண்டாவது வருஷக் கடைசியில் மெய்யநாதனிடம் தகராறு செய்ய ஆரம்பித்தது.

முதலில் லேசான குடைச்சல். அப்புறம் எழுந்திருக்கும்போது ஒரு பிடி. பிறகு உட்காரும்போதும் அதே பிடி. கடைசியில், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது என்ற நிலைமைக்கு வந்து சேர்ந்தது. மனுஷர் பாவம், பெட்டிமேல் கையை ஊன்றி, ஏதோ தேடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் குனிந்து நின்றுவிட்டுத்தான் நிமிர்வார். “என்னண்ணே தேடுறீக?” என்று யாராவது கேட்டால், “சாவியைக் காணோம்” என்பார். சாவி இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள், உங்களுக்கென்ன! கிட்டங்கியில் ஒரே ஒரு நாற்காலி உண்டு. துரைமார் வந்தால், வக்கீல் வந்தால் துடைத்துப் போடுவார்கள். செட்டியார் அதில் உட்கார்ந்தால், கடை படுத்துவிட்டது என்றோ செட்டியார் படுக்கப் போகிறார் என்றோ அர்த்தம். பாயில் உட்கார முடியாத மேலாள் என்ற பேச்சு அடுத்த கப்பலிலேயே நாகப்பட்டினம் போய்விடும். அதற்கடுத்த கப்பலில் புது மேலாள் வந்து இறங்குவார்.

மெய்யநாதன் அப்படிப் பாதியில் போக முடியாது. மகள் மீனாளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மூன்று வருஷக் கணக்கை நல்லபடியாக முடித்து அப்பன் ஊர் வந்ததும் முகூர்த்தம். பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவன் மகளை எந்தச் சம்பந்தி வீட்டார் மலர்ந்த முகத்தோடு வாங்குவார்கள்? மனைவி நாச்சம்மை வேறு, ‘பெண் உங்களைப் பார்த்து இரண்டு வருஷமாச்சு, கல்யாணத்துக்காவது அப்பச்சி வருமா என்று கேட்கிறது’ என்று எழுதியிருந்தாள். எப்படியாவது இந்த இடுப்பை இன்னும் ஒரு வருஷம் இழுத்துப்பிடித்துக்கொண்டு, நல்ல பெயரோடு ஊர் போய், மகள் கழுத்தில் கழுத்துருத் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்குமேல் அந்த முதுகு உடைந்தாலும் சம்மதம்.

ஆகவே ரகசிய வைத்தியம் தொடங்கியது. முடி வெட்டுகிற சுப்பையாவிடம் கழுத்தையும் இடுப்பையும் கொடுத்துச் சொடக்கு எடுத்துக்கொண்டார். தாத்தோ கெராமாட் பக்கம் ஒரு மலாய்க் கிழவி எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். சீனன் ஒருவன் கறுப்பாக ஒரு பிளாஸ்திரியை ஒட்டினான்; அதைப் பிய்த்து எடுத்தபோது கத்திய கத்தலில் முதுகுவலி கொஞ்ச நேரம் மறந்தேபோயிற்று. எல்லாமே ஒரு நாள் சுகம். மறுநாள் காலையில் வலி பழையபடி பாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும், இவருக்கு முன்னாடியே.

அந்தச் சமயத்தில்தான் நார்தம் ரோட்டில் வாடகைக்குப் பங்களா பிடித்து ஓர் அமெரிக்கத் துரை வந்து சேர்ந்தார். பெயர் டாக்டர் விண்ட்ராப். வாசலில் பெரிய போர்டு: மருந்து கிடையாது, கத்தி கிடையாது, கை ஒன்றே போதும். வைத்தியத்தின் பெயர் கைரோபிராக்டிக். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி வலி போய்விடும் என்று ஊரில் கேலி செய்தார்கள். துரைக்கு மொழிபெயர்க்க பஷீர் என்ற வாலிபர் இருந்தார். துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்குத் துபாஷ் வேலை பார்த்தவர். மலாய், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாயில் போட்டு மெல்லுவார்.

மெய்யநாதன் ரிக்‌ஷா வைத்துக்கொள்ளவில்லை. ரிக்‌ஷாக்காரனுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்தமாதிரி. பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து கடற்கரை ஓரமாகவே நடந்து போனார்.

உள்ளே ஒரு முழு எலும்புக்கூடு கம்பியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் செட்டியார் வாசலுக்கே திரும்பிவிட்டார். பஷீர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார்.

“பயப்படாதீங்க அண்ணே, அது பழைய ஆளுலா. துரை கொன்னதில்லே.”

துரை செட்டியாரை ஒரு தோல் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, முதுகுத்தண்டை விரலால் ஒவ்வொரு மணியாக எண்ணிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, தங்கப் புதையல் கண்டவர்போல “ஆ!” என்றார்.

“என்ன சொல்றாக?” என்று செட்டியார் பெஞ்சுக்குள்ளிருந்து கேட்டார்.

“ஒரு எலும்பு இடம் மாறிப் போச்சாம். அதுதான் இந்த சாக்கிட்டு, நோவுக்கெல்லாம் காரணமாம். காது மந்தம், மலேரியா, அஜீரணம், வீட்டுல சண்டை, எல்லாமே இந்த எலும்பு பண்ற வேலைதானாம்லா.”

“எனக்கு இடுப்பு மட்டும் போதும்னு சொல்லு தம்பி.”

துரை இரண்டு கையையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார். ‘மடக்’ என்று ஒரு சத்தம். செட்டியார் உயிர் போய்விட்டது என்றே நினைத்தார். ஆனால் எழுந்து நின்றால், என்ன ஆச்சரியம், இடுப்பு பஞ்சுமாதிரி இருந்தது! குனிந்தார், நிமிர்ந்தார், எலும்புக்கூட்டைப் பார்த்து ஒரு சிரிப்பே சிரித்தார். சுகம் இல்லவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

புறப்படும்போது துரை ஏதோ சொன்னார். பஷீர் மொழிபெயர்த்தார்.

“நாளெல்லாம் காலை மடக்கி உக்காரக் கூடாதாம். அப்பப்ப எந்திரிச்சு நடக்கணுமாம். ஒரு நாற்காலி வாங்கிக்குங்க அண்ணே.”

“சரி, சரி” என்றார் செட்டியார். அந்தத் துரை சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான். அதை அவர் அந்தப் படியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

பஞ்சு இரண்டு நாள் பஞ்சாக இருந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் கல். வாரத்துக்கு இரண்டு தடவை போனார், வந்தார். போன அன்று நன்றாக இருக்கும். அது துரையின் சொடக்கினாலா, அல்லது பாயிலிருந்து எழுந்து கடற்கரை ஓரமாக அவ்வளவு தூரம் நடந்து போய் நடந்து வந்ததினாலா என்று யாரும் கேட்கவில்லை. நடைக்கு யாரும் போர்டு மாட்டி வைப்பதில்லையே!

ஆனால் கிட்டங்கியில் வேறொரு கேள்வி கேட்டார்கள். மேலாள் ஒருவர் வாரம் இரண்டு முறை, சொல்லாமல் கொள்ளாமல், தலையை வாரிக்கொண்டு, நார்தம் ரோடு பக்கம் ஏதோ ஒரு பங்களாவுக்குப் போகிறார். வரும்போது நடையில் ஒரு துள்ளல். இது என்ன சங்கதி? இடதுபாய் சொக்கநாதன் செட்டியாரும் வலதுபாய் முத்துவீரப்பன் செட்டியாரும் ஒரு நாள் மாலை இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

“மெய்யநாதா, பொண்ணு கல்யாணத்தை வச்சுக்கிட்டு இதெல்லாம் நல்லாயில்லையப்பா” என்றார் சொக்கநாதன், கண்ணில் ஆவல் வழிய.

“எது நல்லாயில்லை?”

“அந்தப் பங்களாவுல இருக்கிறது யாரு? சட்டைக்காரியா, சீனச்சியா?” என்று முத்துவீரப்பன் நேராகவே கேட்டுவிட்டார்.

மெய்யநாதனுக்குப் பகீர் என்றது. முதுகை மறைக்கப்போய் மானம் போகிற இடத்துக்கு வந்தாயிற்று. வேறு வழியில்லை. “அட கருமமே! அங்க இருக்கிறது ஒரு மீசைக்கார டாக்டர்! இடுப்புல லேசாப் பிடிச்சிருந்துச்சு, எடுத்துவிட்டாக. இப்ப பரிபூரண குணம்” என்றார். நம்பாமல் பார்த்தார்கள். உடனே எழுந்து நின்று, கையை எங்கேயும் ஊன்றாமல் தொப்பென்று சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினார். உள்ளே நெருப்பைக் கொட்டியதுபோல இருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஒரு சம்மணம் போதும். மறுநாளே சொக்கநாதன் தன் முழங்காலைத் தூக்கிக்கொண்டு நார்தம் ரோடு போனார். பின்னாலேயே முத்துவீரப்பன் தன் கழுத்தோடு போனார். முழங்கால் கொஞ்சம் தேவலை. நாளை இன்னும் தேவலையாகும் என்று துரை சொன்னதை முழங்கால் நம்பியது. கழுத்துதான் மோசம். ‘மடக்’ என்ற பிறகு அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் முத்துவீரப்பன் பாயோடு சேர்ந்து திரும்பினார். ஆனாலும் அதை ஒப்புக்கொள்வாரா? போக மாட்டேன் என்றவர்களையெல்லாம் பயங்கொள்ளிகள் என்று கேலி செய்துவிட்டுப் போன மனுஷர். “கழுத்தா? காத்தாடி மாதிரி சுத்துது!” என்றார், சுவரைப் பார்த்தபடியே.

இந்தச் சேதி கப்பலேறிப் போயிற்று. முதலாளி வெள்ளையப்பச் செட்டியாருக்கும் இடுப்பு உண்டு. அதில் பத்து வருஷத்து வலியும் உண்டு. அவர் ஒன்றும் ஏமாந்த ஆளில்லை. செட்டியார்களுக்கு இதில் ஒரு முறையிருக்கிறது. ஒருவனை நம்பலாமா என்பதை அவனிடமே கேட்க மாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேரிடம் கேட்பார்கள். “ஆள் எப்படி?” என்று கேள்வி ஒரு வரி, “நல்ல ஆள்” என்று பதிலும் ஒரு வரி. இரண்டு பேர் தனித்தனியாக அப்படிச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். இந்த முறையில் பினாங்கு, ரங்கூன், சைகோன் என்று கடை நடத்தியிருக்கிறார்கள், பிசகியதில்லை. முதலாளி அதே முறைப்படி, மெய்யநாதனை விட்டுவிட்டு, இடதுபாயையும் வலதுபாயையும் விசாரித்தார். வைத்தியம் எப்படி? இரண்டு பேரும் தனித்தனியாகப் பதில் அனுப்பினார்கள். நல்ல வைத்தியம்.

“முதலாளி அடுத்த கப்பல்ல வர்றாகளாம், உன் டாக்டரைப் பார்க்க” என்று சொக்கநாதன் சொன்னபோது மெய்யநாதன் குடித்துக்கொண்டிருந்த மோர் புரையேறிவிட்டது. மேலாளுக்கு வேலையே ஆள் எப்படி என்று சொல்வதுதான். அந்த வார்த்தை பொய்த்தால் அவன் எதற்கு? குணமாகவில்லை என்று உண்மையைச் சொன்னால், உட்கார முடியாத நோயாளி என்று அனுப்பிவிடுவார்கள். குணம் என்று சாதித்தால், முதலாளி முதுகை என்ன செய்வது? அன்றிரவு அவர் முருகனிடம் கேட்டது ஒன்றுதான்: என் இடுப்பு எப்படியோ போகட்டும், முதலாளி இடுப்பையாவது குணமாக்கிவிடு.

முதலாளி வந்தார். வாட்டசாட்டமான மனுஷர். துரை ‘மடக்’ என்றார். முதலாளி எழுந்து நின்று, இடுப்பில் கையை வைத்து இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்து, “இருபது வயசு குறைஞ்சிருச்சு!” என்று முழங்கினார். அன்று மாலையே கோயில் வீட்டில் கூடியிருந்த செட்டியார்களிடமெல்லாம் அதைச் சொன்னார். மெய்யநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முருகன் காது கொடுத்துவிட்டான் என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் காலையில், “இன்னைக்கு நானும் உன் பாயிலேயே உக்காந்து கடையைப் பார்க்கிறேன்” என்று முதலாளி கிட்டங்கிக்கு வந்தார். இருவரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். குணமான இரண்டு முதுகுகளைக் கிட்டங்கியே பார்த்துக்கொண்டிருந்தது. கடன் கேட்க வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். மற்றச் செட்டியார்கள் வெற்றிலை துப்பவும் கால் கழுவவும் எழுந்து போனார்கள். இவர்கள் இருவரும் அசையவில்லை. முதலாளி எழுந்தால் எழலாம் என்று மெய்யநாதன் காத்திருந்தார். முதலாளியின் நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. மெய்யநாதனுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

சமையல்காரர் வந்து இலை போட்டாயிற்று என்றார். ஹால் காலியாயிற்று.

“நீ போய்ச் சாப்பிடு” என்றார் முதலாளி.

“நீங்க எந்திரிங்கண்ணே, பின்னாடியே வாரேன்.”

“எனக்குப் பசியில்லை. நீ போ.”

“எனக்கும் பசியில்லையண்ணே.”

உள்ளே மோர்க்குழம்பு வாசனை தூக்கியது. இரண்டு பேரும் அதைக் கேள்விப்படாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் முதலாளிதான் குரலைத் தாழ்த்தினார்.

“மெய்யநாதா, என்னைக் கொஞ்சம் தூக்கிவிடு. விட்டா இப்பிடியே செத்துப்போவேன்.”

மெய்யநாதன் ஒரு கையை ஊன்றினார். இன்னொரு கையை ஊன்றினார். பாதி எழுந்து, அப்படியே முதலாளி மடிமேல் விழுந்தார். “மன்னிச்சிருங்கண்ணே, என்னாலயும் முடியலை” என்று சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“நல்ல வைத்தியம்னு ரெண்டு பேரு சொன்னாகளேடா!”

“அவுக ரெண்டு பேரும் நான் சொல்லித்தான் போனாகண்ணே.”

“நீ?”

“நான் சும்மா சொன்னேன்.”

முதலாளி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்று பேர் ஜாமீன் என்று நம்பிக் கடல் தாண்டி வந்தால், ஜாமீன்காரன் ஒருவன்தான், அவனும் இடுப்பொடிந்தவன். கோபம் குப்பென்று ஏறியது. ஆனால் கத்த முடியுமா? கோயில் வீட்டில் இருபது வயசு குறைந்துவிட்டது என்று முழங்கிய வாய் இதே வாய்தானே! இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, முனகி, பெட்டியில் சாய்ந்து, எப்படியோ எழுந்து நின்றார்கள். கொஞ்ச நேரம் ஹாலில் இங்கும் அங்கும் நடந்தார்கள். நடக்க நடக்க இருவருக்கும் இடுப்பு இளகியது. அதை இருவரும் கவனிக்கவில்லை. அவரவர் மானத்தைப் பற்றிய கவலையில் இருந்தார்கள்.

“இங்க பாரு” என்றார் முதலாளி மெதுவாக. “நான் ஊருக்குப் போய் குணமாயிருச்சின்னுதான் சொல்லணும். வேற வழியில்லை. ஆனா நீ அங்க வந்து, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மடத்துக்கும் கோயிலுக்கும் நடந்தேன்னு வையி, நாலு பேரு கேப்பாகள்ல? டாக்டரைக் காட்டினவனே இப்பிடி நடக்கிறானே, முதலாளிக்கு மட்டும் எப்பிடிக் குணமாச்சுன்னு?”

“நான் நிமிர்ந்தே நடக்கிறேண்ணே.”

“உனக்கு நிமிர வராது. இப்பத்தான் பார்த்தேன்ல.” முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “நீ இங்கயே இன்னும் ஒரு மூணு வருஷம் இரு.”

“அண்ணே, மீனாள் கல்யாணம்...”

“எம் மக மாதிரி. நான் நின்னு நடத்தி வைக்கிறேன். ஒரு குறையும் வராது.”

அதற்குள் சாப்பிட்டவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி முதலாளி குரலை உயர்த்தினார். “மெய்யநாதனை மாதிரி ஒரு மேலாள் கிடைக்க மாட்டான். இன்னும் மூணு வருஷம் அவன்தான் இந்தக் கடைக்கு. மக கல்யாணம் என் பொறுப்பு!” சபாஷ் என்றார்கள். அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். முத்துவீரப்பன் உடம்போடு திரும்பி மெய்யநாதனைப் பார்த்துத் தலையாட்ட முயன்றார், முடியவில்லை. “விழுந்து கும்பிட்டுக்கப்பா” என்று சொக்கநாதன் முதுகில் தட்டினார், சரியாக அந்த இடத்திலேயே.

பெரியவர் நல்ல வார்த்தை சொன்னால் காலில் விழுந்து கும்பிட்டுக்கொள்வது முறை. மெய்யநாதன் முறைப்படி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். தோள் மட்டும் குலுங்கியது. என்ன விசுவாசம், என்ன நன்றி என்று கிட்டங்கியே உருகிப்போய் நின்றது.

“போதும்டா, எந்திரி” என்றார் முதலாளி.

அவர் எழுந்திருக்கவில்லை. முதலாளிக்கும் குனிந்து தூக்கிவிட முடியவில்லை.